உடனிருந்தவர் பெயர்

பயண இன்ஷூரன்ஸ் படிவத்தின் நான்காவது பக்கத்தில் நின்றுபோயிருக்கிறேன். முதல் மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், பெயர் மங்கையர்க்கரசி, வயது ஐம்பத்தொன்று, வேலை அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், பாஸ்போர்ட் எண், மலேசியா போன தேதி, திரும்பிய தேதி, விமானத்தின் எண், கீழே விழுந்த இடம், விழுந்த நேரம். மாவுக்கட்டு பிரித்து எட்டு நாள்தான் ஆகிறது. வலது மணிக்கட்டுக்குப் பேனாவே பாரமாக இருக்கிறது, எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது, என் கையெழுத்து என்று நானே சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதிக்கொண்டுதான் வந்தேன், இந்தக் கட்டத்துக்கு வரும்வரை. விபத்தின்போது உடனிருந்தவர் பெயர். அவர் உங்களுக்கு என்ன உறவு. அவருடைய தொலைபேசி எண். ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதை மனசு தானாகத் தமிழில் படித்துக்கொள்கிறது, தமிழில் படித்ததும் அது யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. மேல் வீட்டில் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள், இழுத்துவிட்டுப் பிறகு பழைய இடத்துக்கே இழுக்கிற மாதிரி கேட்கிறது. ஊர் திரும்பிய முப்பது நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்றைக்கு முப்பதாவது நாள். இருபத்தொன்பது நாள் இந்தக் காகிதம் மருந்துப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அவர்கள் கழித்துக்கொள்வது போக மூவாயிரத்து எழுநூறு ரூபாய் வரும், வந்தால். இதற்காக பாஸ்போர்ட்டை நகல் எடுத்து, ரத்துசெய்த காசோலை ஒன்று வைத்து, விமானத்தில் ஏறும்போது கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டைத் தேடி கைப்பையின் உள்ளறை, வெளியறை, கிழிந்த துணிக்குள் விரல் விட்டு, இத்தனையும் செய்தாயிற்று. "மூவாயிரத்துக்கு எதுக்குடி இவ்வளவு பாடு? விடு மங்கை" என்றாள் ஸ்டெல்லா, போன வாரம் சாப்பாட்டு நேரத்தில். எனக்காக ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். நாரெல்லாம் எடுத்துச் சுளை சுளையாக என் டிபன் மூடியில் வைத்துக்கொண்டே. என் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டெல்லா பெயரை எழுதினால் முடிந்தது. ஸ்டெல்லா மேரி, ஸ்டாஃப் நர்ஸ், தோழி. பதினெட்டு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், அவள் கொண்டுவரும் மீன் குழம்பு எனக்கு, என் வத்தக்குழம்பு அவளுக்கு. மலேசியாவுக்குப் போகலாம் என்று கிளப்பியதே அவள்தான். அவள், அவளுடைய நாத்தனார் ரெஜினா, நான், மூன்று பேர், ஐந்து நாள். மூன்றாம் நாள் காலையில் அந்தப் படகுத்துறை. எட்டே முக்கால் மணி. தண்ணீர் பச்சையாக இருந்தது, நம் ஊரில் சுவருக்கு அடிக்கிற பச்சை. மூன்று தீவுகளைச் சுற்றிக் காட்டுகிற படகு, ஒன்பது மணிக்குக் கிளம்பும், ஆளுக்கு ஒரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள், ஈரப் பலகை. ரெஜினா ஏறினாள், ஸ்டெல்லா ஏறினாள், நான் கால் வைத்தேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. இல்லை, இன்னொன்றும் இருக்கிறது, விழும்போது நான் 'சாரி' என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. பலகையிடமா? கையை ஊன்றித்தான் விழுந்தேன், உள்ளே ஒரு சத்தம், காய்ந்த முருங்கைக்காயை ஒடிப்பது மாதிரி, அது எனக்கு மட்டும் கேட்டது. ஸ்டெல்லா இறங்கி ஓடிவந்தாள். மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். விரலை ஆட்டச் சொன்னாள். ஆட்டினேன். "சுளுக்குதான், முறிவு இல்ல" என்றாள். படகுக்காரன் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னான். படகில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள், ஒரு சீனக் கிழவி தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அத்தனை பேர் என்னால் காத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு வலி போய் வெட்கம் வந்துவிட்டது. நான்தான் சொன்னேன். "நீங்க போங்க. நான் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கறேன். பரவாயில்ல." ஸ்டெல்லா, "தனியாவா?" என்றாள். "ஆமா, அதுக்கென்ன, நீங்க போங்க" என்றேன். ரெஜினா படகிலிருந்து, "அண்ணி, டிக்கெட் திருப்பித் தர மாட்டாங்களாம்" என்றாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், ஏறிவிட்டாள். படகு திரும்பும்போது கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன், இடது கையை. ஆரஞ்சுச் சட்டையில் அவள் சின்னதாகிக்கொண்டே போனது மட்டும் இந்த முப்பது நாளும் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது, போய் முடிய மாட்டேன் என்கிறது.

கட்டத்தை அப்படியே காலியாக விட்டு அனுப்பினால் என்ன? கேட்டுவிடலாம் என்று அந்த இலவச எண்ணை அழுத்தினேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டு, மறுபடி பாட்டு, கடைசியில் ஒரு பெண். சின்னப் பெண்ணின் குரல், ஜலதோஷம் பிடித்த குரல். "சொல்லுங்க மேடம்." சொன்னேன், நாலாவது பக்கத்தில் கூட இருந்தவர் பெயர் கேட்கிறது, விட்டுவிட்டு அனுப்பலாமா என்று. "விட்டா திரும்பி வந்துடும் மேடம். கூட யாரும் வரலையா உங்களுக்கு?" "வந்தாங்க." "அப்ப அவங்க பேரையே போட்டுடுங்க மேடம்." "விழும்போது இருந்தாங்கம்மா. அப்புறம் இல்ல." "அப்புறம்னா?" "ஆஸ்பத்திரிக்கு வரல." "ஓ" என்றாள். அந்த ஓவுக்குப் பிறகு அவள் பக்கத்தில் வேறு யாரோ வேறு யாருக்கோ கார் இன்ஷூரன்ஸ் பற்றி விளக்குவது கேட்டது. அவளுக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "மேடம், நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. சின்னத் தொகைதான். நிறைய பேர் இதுக்குக் கேட்கவே மாட்டாங்க. விசாரிக்கறவங்க கூட இருந்தவங்களுக்கு ஃபோன் பண்ணுவாங்க, எங்க விழுந்தாங்க, எந்த ஆஸ்பத்திரி, யாரு கூட்டிட்டுப் போனான்னு கேப்பாங்க. அவங்க ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு சொன்னா இழுத்துக்கிட்டே போகும். உங்களுக்கு வேணுமான்னு பாத்துக்கோங்க." நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வேணுமான்னு பாத்துக்கோங்க. ஆக, ஸ்டெல்லா பெயரை எழுதினால் ஒரு நாள் அவளுக்கு ஃபோன் வரும். வார்டில் இருப்பாள், ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், இல்லை பேருந்தில் இருப்பாள். யாரென்று தெரியாத ஒருவன், நீங்கதான் கூட இருந்தீங்களா மேடம், ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களா என்று கேட்பான். இதை நினைத்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழும்பியது, பொய் சொல்ல மாட்டேன். அவளை யாராவது கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன், யாராவது கேட்டால் நன்றாக இருக்கும். உடனே கூசியது. என் டிபன் பாக்ஸின் மூடியைத் தினமும் அவள்தான் திறந்து தருகிறாள். இந்த ஒரு மாதமாக என் தலையைப் பின்னிவிடுவதும் அவள்தான், காலையில் எட்டு மணிக்கு மருந்தக வாசலில் நின்று, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு. அந்தப் படகைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் ஃபோனில் வைத்த படங்களில் மூன்றாம் நாள் படம் ஒன்றுகூட இல்லை, அதையும் நான் கவனித்திருக்கிறேன்.

ஆனால் போகச் சொன்னது நான்தானே. இங்கேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறது. நான் போகச் சொன்னேன், அவள் போனாள், இதில் அவள்மேல் என்ன தப்பு? அம்மா எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆறாம் வார்டில் கிடந்தபோது தம்பி செழியன் பெங்களூரிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ கிளம்புடா, ஆபீஸ்ல தேடுவாங்க, நான் இருக்கேன்ல" என்றேன். "நிஜமாவாக்கா?" என்றான். "நிஜமாத்தான்" என்றேன். அவனுக்கு முகம் எப்படித் தெளிந்தது என்று பார்த்துக்கொண்டேதான் நின்றேன். சாயங்கால ரயிலில் போனான், விடியும்போது அம்மா போய்விட்டாள், நான் மட்டும்தான் இருந்தேன், குளுக்கோஸ் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. ஒருத்தியாகச் சமாளித்தாளே என்று எல்லோரும் சொன்னார்கள். சமாளித்தேன். அதற்கு முன்னால், எத்தனை வருஷத்துக்கு முன்னால், இருபத்துநாலு, இருபத்தைந்து, தஞ்சாவூர் மருந்துக் கிடங்கில் கஜேந்திரன். அவருக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது. பேருந்து நிலையத்தில் என்னோடு நின்றுகொண்டு, "மாற்றல் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார். வெயில். அவர் சட்டைப் பையில் மை கசிந்து ஒரு நீல வட்டம். "எனக்காக எதுக்கு? நீங்க போங்க" என்றேன். திருச்சி வண்டி ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று, மூன்றாவது வண்டியும் போகும்வரை அவர் நின்றார். நான் எதிர்க்கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதும் துல்லியமாகத் தெரியும். இவர் இருந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போங்க என்று சொன்னால் போகாமல் இருப்பவர்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. அப்படியானால் நான் மனிதர்களுக்குப் பரீட்சை வைக்கிறேனா, கேள்வித்தாளைக் காட்டாமலே? செழியனுக்கு வைத்தேனா? ஸ்டெல்லாவுக்கு? இல்லை, இல்லை, அந்தப் பலகையில் உட்கார்ந்து எதையும் யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது. மருந்தகச் சன்னலில் நாள் பூராவும் சொல்கிறேனே, வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, மஞ்சள் ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு, நீங்க போங்க, அடுத்த ஆள். அந்த மாதிரி வந்துவிட்டது. ஆனால் கேட்காமல் இருப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. கேட்காமல் இருந்து இருந்து, நான் எதுவும் தேவைப்படாதவள் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் பாதி நம்பிவிட்டேன்.

மேல் வீட்டில் கட்டில் ஓய்ந்துவிட்டது. டிவியில் சிரிப்புச் சத்தம். நாலு மணி ஆகப் போகிறது, காப்பி போடலாம், போடவில்லை. மலேசியாவிலிருந்து வந்த நாளாகக் குளியலறைக் கதவைத் தாழ்போடுவதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. வாசல் கதவிலும் மேல் தாழ்ப்பாளைப் போடுவதில்லை, கீழ்ப் பூட்டு மட்டும், அதை வெளியிலிருந்து எவராவது உடைத்துத் திறந்துவிடலாம் என்று. சோப்புத் தண்ணீர் பட்ட இடத்தை ஒரு காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறு காலை வைக்கிறேன். விழுந்தால், கை சரியாகி இந்தப் பின்னலும் நின்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்தால், திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். திங்கட்கிழமை எட்டரைக்கு மருந்தகம் திறந்திருக்காது, வரிசை நீளும், யாராவது கத்துவார்கள், சூப்பிரண்டு ஃபோன் பண்ணுவார், பத்தரைக்கு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவள் ஆட்டோ பிடித்து இங்கே கருமண்டபம் வர இருபது நிமிஷம். அதுவும் அவள்தான். எப்படிக் கணக்குப் போட்டாலும் கடைசியில் படியேறி வருகிறவள் அவளாகத்தான் இருக்கிறாள். இதை நினைத்தால் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை, கை வலிதான் வந்தது. பேனாவை வைத்துவிட்டு விரல்களை மடக்கி விரித்தேன், ஐந்து தடவை, எலும்பு டாக்டர் சொன்னபடி. மூவாயிரத்து எழுநூறு ரூபாய் இல்லாமல் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. விட்டுவிடலாம். விட்டுவிட்டால் எல்லாம் சுமுகமாக இருக்கும், நாளைக்கு ஆரஞ்சுச் சுளை வரும், பின்னல் வரும். ஆனால் விட்டுவிட்டால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். விழவில்லை, வலிக்கவில்லை, யாரும் போகவில்லை. விட்டுவிட்டவைதான் எத்தனை.

அனுப்ப வேண்டிய காகிதங்களை வரிசைப்படுத்தலாம் என்று அந்த ஊர் கிளினிக் சீட்டை எடுத்தேன். எக்ஸ்ரே எடுத்தது, கழுத்திலிருந்து தூளிக் கட்டு போட்டது, மாத்திரை கொடுத்தது எல்லாம் ஒரே சீட்டில், மாவுக்கட்டு ஊருக்கு வந்த பிறகுதான். முடி மாதிரி ஒரு விரிசல் என்று அந்தப் பெண் டாக்டர் படத்தில் தொட்டுக் காட்டினாள், தலையில் முக்காடு, பல்லில் கம்பி, என் மகள் வயது இருக்கும், மகள் இருந்தால். சீட்டின் கீழ்ப் பகுதியை இந்த முப்பது நாளில் நான் பார்க்கவே இல்லை, மடிப்புக்குள் போயிருந்தது. அழைத்து வந்தவர் என்று ஒரு வரி. அதில் பெரிய பெரிய ஆங்கில எழுத்தில் செல்வராஜு என்று எழுதியிருந்தது. அடுத்து ஒரு தொலைபேசி எண். உறவு என்ற இடத்தில் நண்பர். இதை எப்போது எழுதினார்? படகுத்துறையில் டாக்சியோடு நின்றிருந்தவர், நான் விழுந்ததைப் பார்த்திருக்கிறார், படகு போன பிறகு பக்கத்தில் வந்து, "தமிழா? வாங்க அக்கா, ரூமுக்கு வேணாம், கை வீங்குது, டாக்டருகிட்ட போயிருவோம்" என்றார். ஐம்பது வயதிருக்கும், காதில் முடி. கிளினிக்கில் என் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயிலில் அர்ச்சனைத் தட்டை வைத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "கூட வந்தவங்க?" என்று கேட்டார். "படகுல போயிருக்காங்க" என்றேன். சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை, வெளியே போய் ஒரு தாள் கோப்பையில் சூடாக மைலோ வாங்கி வந்து, நான் இடது கையால் பிடிக்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தார். அறை வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் ஒருதரம் வந்து பாக்கட்டா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன்? வேண்டாங்க, பரவாயில்ல, நீங்க போங்க. அவரும் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை அவரை. முன் பின் தெரியாத மனிதர் ஒரு சீட்டில் நண்பர் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த நண்பருக்கு ஒரு நன்றி ஒழுங்காகச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து நாலரை மணி வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வரும்போது ஸ்டெல்லாவின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. தூளிக் கட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எழுதினேன். செல்வராஜு. உறவு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா ஆடியது, பிறகு டாக்சி ஓட்டுநர் என்றே எழுதினேன், உள்ளது அதுதான். எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். என்ன நடந்தது என்று விளக்கும் பெரிய கட்டத்தில், படகில் ஏறும்போது ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தேன், உடன் வந்தவர்கள் படகில் சென்றுவிட்டார்கள், மேற்படி ஓட்டுநர் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் உடனிருந்தார் என்று எழுதினேன். சென்றுவிட்டார்கள் என்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நான்கு பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினேன். பெறப்பட்டது, உங்கள் எண் இது, பதினைந்து வேலை நாள் ஆகும் என்று உடனே பதில் வந்தது, எந்திரம் போடுகிற பதில். கொடுப்பார்களோ மாட்டார்களோ, அவர்கள் பாடு. நாலே முக்கால். இனி ஸ்டெல்லாவிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை, ஒரு கையெழுத்துகூட இல்லை. இது தோன்றியதும்தான் அவளிடம் பேசலாம் என்று தோன்றியது. யோசித்தால் மாட்டேன் என்று தெரியும், அதனால் யோசிப்பதற்குள் கூப்பிட்டேன்.

"சொல்லு மங்கை. சாப்ட்டியா? கை எப்படி இருக்கு?" பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம், பாத்திரம் கழுவுகிறாள். "நீ அன்னைக்குப் போயிருக்கக் கூடாது ஸ்டெல்லா" என்றேன். எப்படிச் சொல்லலாம் என்று முப்பது நாள் அடுக்கி வைத்த எதுவும் வரவில்லை, இதுதான் வந்தது. தண்ணீர் நின்றது. "ஏதோ ஃபாரம்னு சொன்னியே, அதுக்கா? என் பேரப் போட்டுக்கடி. யாராவது கேட்டா கூடவே இருந்தேன்னு சொல்லிடறேன்." "அத அனுப்பியாச்சு. உன் பேரப் போடல." "அப்புறம் என்ன?" "ஒண்ணும் இல்ல. நீ போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்." "நீதானடி போகச் சொன்ன?" "ஆமா. நான்தான் சொன்னேன்." வழக்கமாக இந்த இடத்தில் நான்தான் எதையாவது சொல்லி மூடுவேன், சரி விடு, சும்மா சொன்னேன், குழம்பு என்ன வச்ச. வாய்க்குள் பரவாயில்ல வந்து நின்றது, நாக்கின் மேலேயே நின்றது, அதை அப்படியே விழுங்கிக்கொண்டேன், பெரிய மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவது மாதிரி. அவள் தொண்டையைச் செருமினாள். "பதினொரு மணிக்கு ஒரு படகு திரும்புச்சு மங்கை" என்றாள். "முதல் தீவுலேர்ந்து. ரெஜினாகிட்ட சொல்லிட்டு வந்து அந்தப் படகுகிட்ட நின்னேன். ஏறல. மூணு வருஷமா அவர் படுக்கையில கிடக்கறார், பகல்ல வார்டு, ராத்திரி இங்க, திருப்பிப் போடறது, துடைக்கறது. அஞ்சு நாளைக்கு ஆளப் போட்டுட்டு வந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரையும் பாத்துக்காம தண்ணிய மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும்னு இருந்துச்சுடி. நின்னுக்கிட்டே இருந்தேன். படகு போயிடுச்சு." "எனக்கு ரொம்ப வலிச்சுது" என்றேன். "தெரியும்" என்றாள். அப்புறம், இன்னும் மெதுவாக, "அமுக்கிப் பாத்தப்பவே தெரியும். சுளுக்கு இல்லன்னு. இருபத்தாறு வருஷம் நர்ஸ்டி நான்."

கோபம் வந்தது, வந்து நெஞ்சில் உட்கார்ந்தது, அது கோபம்தான், பல வருஷம் கழித்து வந்ததால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்தே போயிருக்கிறாள். இந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தெரிந்துகொண்டு, சுளுக்கு என்று சொல்லிவிட்டு, போயிருக்கிறாள். அதே சமயம் அந்தத் தீவில் அவள் நிற்பதும் தெரிந்தது, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், மூக்கு சிவக்க. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளவில்லை, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "ஏதாவது சொல்லேன் மங்கை" என்றாள். "என்ன சொல்றதுன்னு தெரியல" என்றேன், உண்மை. அப்போது அவள் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது, அவள் கணவர், வார்த்தையாக இல்லாமல் வெறும் சத்தமாக, ஒரு தரம், இன்னொரு தரம். "கூப்பிடறார். ஈரம் பண்ணியிருப்பார்" என்றாள் ஸ்டெல்லா. "நான் பாத்துட்டு வரேன். நீ இரு. வச்சிடாத மங்கை." வைத்துவிடாதே என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை, நான்தான் எப்போதும் முந்திக்கொண்டு, நீ போய்ப் பாரு, நான் அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுவேனே. ஃபோனை எதன் மேலோ கவிழ்த்து வைத்தாள், டக் என்று கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் தள்ளிப்போனது. இந்தாங்க, இந்தப் பக்கம், கைய என் தோள்ல போடுங்க, அப்படித்தான், என்று அவள் சொல்வது தூரத்தில் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. வாளி நகர்ந்தது. இடது கை அசந்துபோனதால் ஃபோனை வலது கைக்கு மாற்றினேன், மணிக்கட்டு சுருக்கென்றது, மாற்றின கையிலேயே வைத்துக்கொண்டேன். துணி பிழிகிற சத்தம் வந்தது, பிழிந்த தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அவர் ஏதோ முனகினார், அவள், "சரி, சரி, முடிஞ்சுது" என்றாள். முடியவில்லை, மறுபடியும் தண்ணீர். நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தேன்.